ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர்

மாடிக் கட்டடத்தின் எனர்ஜி மாடல், அதாவது அதன் மின்செலவைக் கணிக்கும் கணினி மாதிரி, யார் செய்து கொடுத்தாலும், ரிசல்ட் வந்ததும் நான் முதலில் பார்ப்பது வருடத்துக்கு எத்தனை யூனிட் என்பதை அல்ல, கூரைப் பரப்பு எவ்வளவு என்பதை. எனர்ஜிபிளஸ் என்ற கணக்கு மென்பொருளின் அறிக்கையில் ஸ்கைலைட் (கூரையில் வைக்கும் கண்ணாடி ஜன்னல்) விகிதத்துக்கென்று ஒரு சின்ன அட்டவணை வரும். ஸ்கைலைட்டே இல்லாத கட்டடத்துக்கும் வரும். அதனாலேயே யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மொத்தக் கூரை எத்தனை சதுர மீட்டர் என்று அதில் ஓர் எண் இருக்கும். மாடிக்கு மாடி தரையும் சீலிங்கும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைப் பெரும்பாலும் அந்த ஓர் எண்ணே சொல்லிவிடும்.

செங்குத்துச் சுவரும் தட்டையான மொட்டை மாடியும் கொண்ட கட்டடத்தை வானத்திலிருந்து நேர்கீழாகப் பார்த்தால் எவ்வளவு பரப்பு தெரியுமோ, அவ்வளவுதான் அதன் மொத்தக் கூரை. நடுவில் எத்தனை மாடி இருந்தாலும், மேலே போகப் போக எந்த மாடியில் உள்வாங்கியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கீழிருந்து பார்த்தாலும் அப்படியே. மண்ணைத் தொடும் தரை, ஸ்டில்ட்டுக்கு (தூண்கள் மட்டும் நிற்கும் திறந்த கீழ்த்தளத்துக்கு) மேலே தொங்கும் தரை எல்லாம் சேர்ந்து அதே எண்ணைத் தர வேண்டும். எந்த மென்பொருளாக இருந்தாலும் இந்தச் சோதனை செல்லும். ஒரு கால்குலேட்டர் போதும்.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அலுவலகக் கட்டடம். இ.சி.பி.சி. என்ற கட்டட எரிசக்திச் சேமிப்பு விதியின் கணக்குக்காக வேறோர் அலுவலகத்தில் பாதி முடிந்திருந்த மாடல் எங்கள் கைக்கு வந்தது. கீழே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட், அதற்கு மேல் எட்டு மாடி. முதல் மூன்று மாடிகள் 40 மீட்டருக்கு 25 மீட்டர். நான்காவதிலிருந்து தெற்குப் பக்கம் 7 மீட்டர் உள்வாங்கி 40-க்கு 18. மூன்றாம் மாடித் தலையில் 280 சதுர மீட்டர் திறந்த மொட்டை மாடி, உச்சியில் 720. கூட்டினால் 1,000. அறிக்கையில் இருந்ததோ 1,720. கீழிருந்து பார்க்கும் தரைக் கணக்கிலும் அதே 720 கூடுதலாக இருந்தது.

இரண்டு பக்கமும் ஒரே அளவு கூடியிருந்தால் ஆராய்ச்சியே வேண்டாம், நடுவில் எங்கோ ஒரு ஸ்லாப் இரண்டாகப் பிளந்து நிற்கிறது என்று அர்த்தம். கீழ் மாடியின் சீலிங் தன்னைக் கூரை என்று நினைத்துக்கொள்கிறது, மேல் மாடியின் தரை தன்னை அந்தரத்தில் தொங்கும் தரை என்று நினைத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் மட்டும் கூடியிருந்தால் கதை வேறு: யாரோ ஒரு பரப்பின் எல்லை நிலையை, அதாவது அதன் மறுபக்கம் வெளிக்காற்றா மண்ணா வேறு அறையா என்ற குறிப்பை, கையால் மாற்றியிருப்பார்கள். எங்கள் வேலையில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். முதல் வகைதான் அதிகம்.

இது ஏன் நடக்கிறது என்று புரிய, மாடலுக்குள் ஒரு ஸ்லாப் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். நிஜத்தில் ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே இருப்பது ஒரே கான்கிரீட் பலகை. மாடலில் அது இரண்டு தாள்கள், கனமே இல்லாதவை. ஒன்று ஐந்தாம் மாடி ஜோனுக்கு (ஒரே வெப்பநிலை என்று வைத்துக் கணக்கிடும் பகுதிக்கு) சொந்தமான சீலிங், மற்றது ஆறாம் மாடி ஜோனுக்குச் சொந்தமான தரை. ஸ்லாப்பின் கனம், டைல்ஸ், பூச்சு எல்லாம் கட்டுமான அடுக்கு என்ற பெயரில் எண்ணாகத்தான் உள்ளே போகும், வரைபடத்தில் தெரியாது. ஒவ்வொரு தாளும் தன் மறுபக்கத்தில் யார் என்று பெயர் சொல்ல வேண்டும். சீலிங் தரையின் பெயரைச் சொல்லும், தரை சீலிங்கின் பெயரைச் சொல்லும். இருவர் பரப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கட்டுமான அடுக்குகள் ஒன்றில் மேலிருந்து கீழ் என்றால் மற்றதில் கீழிருந்து மேலாகத் திரும்பியிருக்க வேண்டும். ஜோடி கிடைக்காத தாளுக்கு மென்பொருள் தரும் இடம் வெளியுலகம். வெயில் படும், காற்று படும் என்ற இரண்டு குறிப்புகளும் அதோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

நம்ம ஊரில் இதன் விலை என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 150 மி.மீ. கான்கிரீட் ஸ்லாப் வெறுமையாக இருந்தால், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 3.3 வாட் கடக்கும். வெளியே மே மாத மதியம் 38 டிகிரி, உள்ளே 24. வித்தியாசம் 14. 720 சதுர மீட்டருக்கு 33 கிலோவாட், அதாவது ஒன்பது டன் ஏசிக்கு மேல். வெயிலை இதில் சேர்க்கவே இல்லை. மேலே இருக்கும் மாடிகளே நிழல் தந்துவிடும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். ஆறாம் மாடிக்கும் தரை வழியாக இதே மாதிரி ஒரு சுமை ஏறும்.

ஒன்பது டன் என்பது கண்ணைக் குத்தும் எண் இல்லை, தொல்லையே அங்கேதான். ஒரு டன்னுக்கு 200 சதுர அடி என்று கைக்கணக்குப் போட்டால் அந்த மாடிக்கு நாற்பது டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அதில் கால் பங்கு கூடினால் "ஆள் நெரிசல் அதிகமோ, கண்ணாடி அதிகமோ" என்று மனம் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும். மாடிக்குக் குளிர்காற்று அனுப்பும் இயந்திரமான ஏஹெச்யூ பற்றி ஏசி கன்சல்டன்ட் போனில் கேட்டதும் அப்படித்தான்: "சார், அஞ்சுக்கும் ஆறுக்கும் மட்டும் ஏஹெச்யூ பெரிசா வருதே, அங்க சர்வர் ரூம் ஏதாவது போடறாங்களா?" சர்வர் ரூம் எதுவும் இல்லை. எட்டாவது மாடி கேட்டிருந்தால் நியாயம், தலையில் வெயில். ஐந்தும் ஆறும் ஏழாவதைப் போலத்தான் இருந்திருக்க வேண்டும்.

பெங்களூரு மாதிரி இரவில் நன்றாகக் குளிரும் ஊரில் இதே கோளாறு இன்னும் நயவஞ்சகமானது. பகலில் உள்ளே வரும் வெப்பத்தை இரவில் வெளியே விட்டுவிடும். வருடாந்தர யூனிட் சரியாகவே தோன்றும், சில சமயம் குறைவாகக்கூட வரும். வருடக் கணக்கு நன்றாக வந்துவிட்டது என்பதால் மாடல் சரி என்று சொல்பவர்களிடம் நான் கூரைப் பரப்பைத்தான் கேட்பேன்.

சரி, பிளவு எப்படி வந்தது? திரையில் எவ்வளவு சுற்றிப் பார்த்தாலும் தெரியவில்லை. முப்பத்தைந்து மீட்டர் உயரக் கட்டடத்தை முழுதாகத் திரையில் வைத்தால் ஐந்து சென்டிமீட்டர் ஒரு கோட்டின் தடிமன்கூட இல்லை. ஸ்கெட்ச்அப் என்ற வரைபட மென்பொருளில், எனர்ஜிபிளஸுக்கு மாடல் தயாரிக்கும் ஓப்பன்ஸ்டூடியோ பிளக்இன் இருந்தால் எல்லை நிலையைப் பொறுத்து நிறம் காட்டச் சொல்லலாம். வெளியுலகைப் பார்ப்பது நீலம், உள்ளே ஜோடி சேர்ந்தது பச்சை. வெளிச்சுவர்களை மறைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்ததும் ஐந்தாம் மாடி சீலிங் முழுக்க நீலமாக நின்றது. மற்ற மாடிகளில் பச்சை.

ஐந்தாம் மாடியின் தலை 23.65 மீட்டரில், ஆறாம் மாடியின் கால் 23.70-இல். இந்த இரண்டு எண்களையும் பார்த்த உடனே காரணம் தெரிந்துவிட்டது. ஆர்க்கிடெக்ட்டின் செக்‌ஷன் டிராயிங்கில் வரும் லெவல் டைல்ஸ் போட்டு முடித்த தரையின் லெவல். ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில் வருவது ஸ்லாப்பின் மேல்மட்ட லெவல். இரண்டுக்கும் நடுவே டைல்ஸும் கலவையும் சேர்ந்து 50 மி.மீ. அந்த வேலையில் கீழ் மாடிகள் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கிலிருந்தும், மேல் மாடிகள் பின்னால் வந்த ஆர்க்கிடெக்ட் டிராயிங்கிலிருந்தும் எடுக்கப்பட்டிருந்தன. இரண்டுமே சரியான டிராயிங்தான். கலந்ததுதான் தப்பு.

அதனால் எந்த மாடலுக்கும் கோடு போடும் முன் ஒரு லெவல் பட்டியல் போட்டுவிடுவது என் பழக்கம். முதல் மாடி 4.20, அப்புறம் 3.90 கூட்டிக்கொண்டே போனால் 8.10, 12.00, 15.90, 19.80, 23.70, 27.60, 31.50, மொட்டை மாடி 35.40. எல்லாம் ஒரே வகை லெவல். டைல்ஸ் லெவலா ஸ்லாப் லெவலா என்பது வெப்பக் கணக்குக்கு முக்கியமே இல்லை; எதை எடுத்தாலும் மேலிருந்து கீழ்வரை அதுவே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மாடியின் சீலிங் உயரத்தைத் தனியாக டைப் செய்யவே மாட்டேன். அடுத்த மாடியின் தரை லெவலிலிருந்து இந்த மாடியின் தரை லெவலைக் கழித்தால் வருவதுதான் உயரம். இப்படிச் செய்தால் இடைவெளி விழ வாய்ப்பே கிடையாது.

புதிதாக வருபவர்கள் இன்னொரு இடத்தில் இதைவிடப் பெரிதாக மாட்டுவார்கள். ஃபால்ஸ் சீலிங் 2.70 மீட்டரில் இருக்கிறது, ஆகவே அறையின் உயரம் 2.70 என்று வரைந்துவிடுவார்கள். அடுத்த மாடியை 3.90-இல் வைப்பார்கள். நடுவே 1.20 மீட்டர் வெற்றிடம். எல்லா மாடியும் அந்தரத்தில் மிதக்கும், ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு கூரை இருக்கும். அதோடு வெளிச்சுவரில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் காணாமல் போய்விடும். பெரும்பாலான கட்டடத்துக்கு மாடிக்கு மாடி முழு உயரத்தையும் ஒரே ஜோனாக வரைந்தால் போதும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலுள்ள இடம் வழியாகத்தான் காற்று ஏஹெச்யூவுக்குத் திரும்புகிறது என்றால் மட்டும் அதைத் தனி ஜோனாக வரையலாம். அப்போது மாடிக்கு இரண்டு அடுக்கு, லெவல் பட்டியலில் இரட்டை வரிசை.

சுவர் விஷயம் தரையைவிடக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கொத்தனார் கையில் தூக்குக் குண்டு இருக்கிறது, கீழ்ச்சுவருக்கு நேராக மேல்சுவர் ஏறுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். நமக்கு அந்த வேலையை ஆட்டோகேட் கோப்பில் செய்ய வேண்டும். அதில் ஒவ்வொரு மாடியின் பிளானும் ஷீட்டில் பக்கம் பக்கமாகப் பரப்பிவைக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதுதான் முதல் வேலை. எந்தப் புள்ளியை வைத்து அடுக்குவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வெளிச்சுவரின் மூலையை எடுக்கக்கூடாது, மாடிக்கு மாடி அது நகரும். தூணின் மூலையும் ஆகாது. கீழே 600 மி.மீ. இருந்த தூண் மேலே போகப் போக 450 ஆகிவிடும். தூண்களின் வரிசையைக் குறிக்கும் கிரிட் கோடுகள் வெட்டும் புள்ளி ஒன்றுதான் கடைசிவரை நகராதது. ஏ வரிசையும் ஒன்றாம் எண்ணும் சேரும் இடத்தை எல்லா மாடிக்கும் பூஜ்யப் புள்ளியாக வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

லிஃப்ட் கோர் இன்னொரு பொறி. லிஃப்ட் கம்பெனி கேட்ட உள் அளவு கீழிருந்து மேல்வரை ஒன்றே. ஆனால் அதைச் சுற்றியுள்ள கான்கிரீட் சுவர் கீழே 300 மி.மீ. கனம், மேலே 200. ஆகவே வெளிமுகம் 100 மி.மீ. உள்ளே போகிறது. வெளிமுகத்தை வைத்து ஒவ்வொரு மாடியிலும் டிரேஸ் செய்தால், கனம் மாறும் மாடியில் கோரைச் சுற்றி 100 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டை விழும். கீழே அது கோருக்குச் சொந்தம், மேலே அலுவலகத்துக்குச் சொந்தம். மென்பொருள் அந்தப் பட்டையைத் தனித்தனித் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஜோடி தேடி, அடுக்கு கொடுத்து, வருடம் 8,760 மணி நேரமும் அதற்குக் கணக்குப் போடும். வெப்பத்தில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. கோரின் உள்முகத்தை டிரேஸ் செய்தால் இந்தத் தலைவலி கிடையாது.

வெளிச்சுவரில் எந்தக் கோடு என்று ஆளுக்கொரு பழக்கம் இருக்கிறது. வெளிமுகம், நடுக்கோடு, உள்முகம் மூன்றுமே புழக்கத்தில் உண்டு. 40-க்கு 18 மீட்டர் மாடியில் 200 மி.மீ. சுவர் இருந்தால் வெளிமுகத்தில் 720 சதுர மீட்டர், நடுக்கோட்டில் 708, உள்முகத்தில் 697. எதை எடுத்தாலும் ஏறத்தாழ மூன்று சதவீதம்தான் வித்தியாசம், சண்டை போட ஒன்றும் இல்லை. ஆனால் மாடி அடுக்கும்போது நடுக்கோட்டில் ஒரு சங்கடம் உண்டு. கீழ் மாடியில் 230 மி.மீ. செங்கல், மேல் மாடியில் 200 மி.மீ. ஏஏசி (காற்றறை கொண்ட இலகு கான்கிரீட்) பிளாக் என்றால், வெளிமுகம் ஒரே நேரில் இருந்தாலும் நடுக்கோடு 15 மி.மீ. விலகும். ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட தூரத்தில் இருக்கும் இரண்டு முனைகளை எனர்ஜிபிளஸ் ஒன்றாகக் கருதிவிட்டு எச்சரிக்கை மட்டும் எழுதும். 15 மி.மீ. அந்த எல்லைக்கு வெளியே. ஆகவே 40 மீட்டர் நீளத்துக்கு ஒரு நூல் போன்ற தொங்கும் தரை உருவாகும். இதனால்தான் வெளிச்சுவருக்கு வெளிமுகம், உள்சுவருக்கு நடுக்கோடு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லா மாடியையும் அடுக்கிய பிறகு, நெருக்கமாக ஓடும் கோடுகளைப் பார்த்துச் சேர்த்துவிடுவேன். ஒரு மாடியில் கான்பரன்ஸ் அறைச் சுவர் 12.00 மீட்டரில், மேல் மாடியில் 12.18-இல் என்றால் இரண்டையும் 12.00-க்கே கொண்டுவந்துவிடலாம். ஓர் அடிக்குள் இருக்கும் உள்சுவர் விலகல் எதையும் நான் காப்பாற்றுவதில்லை. எங்கள் ஆபீஸ் தம்பிக்கு இது மனசே வராது. "அண்ணா, டிராயிங்ல அப்படி இல்லையே" என்பான். டிராயிங் கட்டுவதற்கு, மாடல் கணக்குக்கு. தொடக்கூடாதவை என்று சில இருக்கின்றன: மாடியின் மொத்தப் பரப்பு, ஒவ்வொரு திசைக்கும் வெளிச்சுவரின் பரப்பு, கண்ணாடியின் பரப்பு, மொட்டை மாடியின் எல்லை. மற்றதெல்லாம் நகரலாம்.

அதே சமயம், நகர்த்தவே கூடாத கோடுகளும் உண்டு. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே பாருங்கள். அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 90.1 தர விதி, பின்னிணைப்பு ஜி வழியில் ஜோன் பிரித்தால் வெளிச்சுவரிலிருந்து 15 அடி, அதாவது 4.57 மீட்டர், தனி ஜோன்; உள்ளே இருப்பது நடு ஜோன். மூன்றாம் மாடியில் தெற்கிலிருந்து அளந்தால் 4.57-இல் ஒரு கோடு, 20.43-இல் ஒரு கோடு. நான்காம் மாடியின் தெற்குச் சுவரே 7.00-இல்தான் தொடங்குகிறது, அதன் ஜோன் கோடு 11.57-இல் வரும். வடக்கில் இரண்டுக்கும் 20.43 பொதுவாக அமைந்துவிடுகிறது. மூன்றாம் மாடி நடு ஜோனின் சீலிங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 4.57 முதல் 7.00 வரை அதன் தலையில் திறந்த வானம். 7.00 முதல் 11.57 வரை நான்காம் மாடியின் தெற்கு ஜோன். அதற்கு அப்பால் நான்காம் மாடியின் நடு ஜோன். ஒரே சீலிங் மூன்று துண்டாக வேண்டும், மூன்றுக்கும் மூன்று வேறு ஜோடி. அந்த 2.43 மீட்டர் பட்டை கிழக்கு மேற்காக 30 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, 75 சதுர மீட்டர் கூரை. நடு ஜோனுக்கு வெளியுலகமே கிடையாது என்ற நினைப்பில் இதை அழகுக்காக நகர்த்தினால் நிஜக் கூரை மறைந்துவிடும்.

இந்த வெட்டும் வேலையை ஓப்பன்ஸ்டூடியோவில் இன்டர்செக்ட் என்ற கட்டளை செய்யும், ஜோடி சேர்க்கும் வேலையை மேட்ச் என்ற கட்டளை செய்யும். வரிசை முக்கியம். முதலில் ஜன்னல் இல்லாத வெறும் பெட்டிகள், அப்புறம் இன்டர்செக்ட், அப்புறம் மேட்ச், கடைசியில் ஜன்னலும் கதவும். ஜன்னல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் சுவரை இன்டர்செக்ட் வெட்டாது, அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். பிழை என்றும் சொல்லாது. இன்டர்செக்ட் அழுத்தும் முன் கோப்பை வேறு பெயரில் சேமித்துக்கொள்வது நல்லது. கோடுகள் சரியாகச் சேராத மாடலில் அது சீலிங்கைக் கண்டந்துண்டமாக வெட்டிப் போட்டுவிடும். அப்படி நடந்தால் துண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருக்காமல் பழைய கோப்புக்குப் போய் கோட்டைச் சரி செய்வதே சீக்கிரம் முடியும்.

ஜோடி சேராத பரப்புகளை எல்லாம் பிடித்து வெப்பம் கடக்காத பரப்பு, அதாவது அடியாபாட்டிக், என்று மாற்றிவிடும் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. எச்சரிக்கைகள் எல்லாம் உடனே அடங்கிவிடும். அதைப் போல ஏமாற்றும் அமைதி வேறில்லை. இந்தக் கட்டடத்தில் அதைச் செய்திருந்தால் ஐந்தாம் மாடிச் சிக்கல் தீர்ந்த மாதிரி தெரிந்திருக்கும். கூடவே ஏதாவது ஒரு மொட்டை மாடித் துண்டும் அடியாபாட்டிக் ஆகியிருந்தால் கூரைக் கணக்கு 1,000-க்குக் கீழே இறங்கியிருக்கும், ஆனால் யார் பார்க்கப் போகிறார்கள்?

அடியாபாட்டிக்குக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. ஒரே மாதிரி மாடிகள் அடுக்கடுக்காக வந்தால் எல்லாவற்றையும் வரையாமல் நடு மாடி ஒன்றை மட்டும் வரைந்து இத்தனை மடங்கு என்று பெருக்கி போடலாம். அமெரிக்க எரிசக்தித் துறையின் 12 மாடி மாதிரி அலுவலகத்திலேயே நடு மாடி ஒன்று, பத்து மடங்கு என்றுதான் இருக்கிறது. அப்படிச் செய்யும்போது அந்த நடு மாடியின் தரையும் சீலிங்கும் அடியாபாட்டிக்காக இருக்க வேண்டும், அதைத் தொடும் மேல், கீழ் மாடிகளின் பரப்பும் அப்படியே. ஒரு மடங்கு மாடியின் சீலிங்கைப் பத்து மடங்கு மாடியின் தரையோடு ஜோடி சேர்த்தால் ஒரு பக்கம் போகும் வெப்பமும் மறுபக்கம் வரும் வெப்பமும் கணக்கில் ஒத்துவராது. உயரத்தையும் கவனிக்க வேண்டும். உயரம் கூடக் கூட காற்றின் வேகமும் வெப்பநிலையும் எனர்ஜிபிளஸ் கணக்கில் மாறும் என்பதால், வரையும் அந்த ஒரு மாடியை அந்த அடுக்கின் நடு உயரத்தில் மிதக்கவிடுவது வழக்கம். திரையில் பார்க்க விநோதமாக இருக்கும். கிளையன்ட்டுக்குப் படம் அனுப்பும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஸ்டில்ட் கட்டடங்களில் இன்னொன்று. வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஏசி இல்லை, ஆகவே அதை வரைய வேண்டாம் என்று முதல் மாடியைப் பூஜ்ய லெவலிலேயே வைத்துவிட்டால், அதன் தரை மண்ணைத் தொடுவதாகப் பதிவாகிவிடும். மண்ணின் வெப்பநிலையை யாரும் கொடுக்காவிட்டால் எனர்ஜிபிளஸ் தானாக எடுத்துக்கொள்வது வருடம் முழுக்க 18 டிகிரி. சென்னையில் 18 டிகிரி மண்! ஆயிரம் சதுர மீட்டர் தரைக்குக் கீழே இலவச ஏசி ஓடும். ஸ்டில்ட்டை வரையாவிட்டாலும் முதல் மாடியை 4.20-இலேயே வைத்து, அதன் அடியை வெளிக்காற்று என்று சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் லாபி மட்டும்தான் மண்ணைத் தொடுகிறது, 150 சதுர மீட்டர். மீதி 850 ஸ்டில்ட்டுக்கு மேலே தொங்குகிறது. அந்த 150-க்கும் மண் வெப்பநிலையை மாதவாரியாகக் கொடுத்தோம்.

லாபி இரட்டை உயரம், முதல் மாடிக்குள்ளும் நீள்கிறது. அதை ஒரே உயர ஜோனாக வரைந்தால் பக்கத்தில் முதல் மாடி அலுவலகத்தைத் தொடும் அதன் சுவர் 4.20 லெவலில் இரண்டாக வெட்டுப்பட வேண்டும். கீழ்ப்பாதிக்கு அந்தப் பக்கம் ஸ்டில்ட்டின் வெளிக்காற்று, மேல்பாதிக்கு ஏசி அறை. இன்டர்செக்ட் இதையும் வெட்டிக்கொடுக்கும், ஆனால் கண்ணால் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. படிக்கட்டையும் லிஃப்ட் குழியையும் மாடிக்கு ஒன்றாகத் துண்டாக்கி எல்லாத் துண்டுகளையும் ஒரே வெப்ப ஜோனில் போட்டுவிடுவேன். தரை லெவல்கள் தானாகச் சேர்ந்துவிடும்.

எல்லாம் சரி செய்த பிறகு கடைசியாக ஒரு சோதனை ஓட்டம் உண்டு. ஏசி, ஆட்கள், விளக்கு, கணினி, கசியும் காற்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மே மாதத்தில் சில நாள் மட்டும் ஓட்டி, ஒவ்வொரு மாடியின் நடு ஜோன் வெப்பநிலையையும் ஒரே வரைபடத்தில் போடுவது. நடு மாடிகளின் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிய வேண்டும். உச்சி மாடி மட்டும் மேலே ஏறி நிற்கலாம், மொட்டை மாடி உள்ள மூன்றாவது கொஞ்சம் விலகலாம். கைக்கு வந்த மாடலை இப்படி ஓட்டியபோது ஐந்தும் ஆறும் பகலில் ஏறி இரவில் இறங்கி ஏழோடு ஒட்டாமல் அலைந்தன. லெவலைத் திருத்திய பிறகு மூன்றும் ஒரே கோடு. ஏசி ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது, தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் 24-இல் பிடித்து வைத்துவிடும். சுமையில் மட்டும்தான் வெளிவரும், அதற்குள் யாராவது ஏஹெச்யூவுக்கு ஆர்டர் கொடுத்திருப்பார்கள்.

பிழைக் கோப்பையும் படிக்க வேண்டும், சலிப்பாக இருந்தாலும். ஜோன் முழுதாக மூடவில்லை, ஜோடிப் பரப்புகளின் அளவு ஒத்துவரவில்லை என்ற இரண்டு வகை எச்சரிக்கைகள்தான் நமக்கு வேண்டியவை. முதலாவது சுவருக்கும் தரைக்கும் நடுவே இடுக்கு இருப்பதைச் சொல்லும், இரண்டாவது வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டவில்லை என்பதைச் சொல்லும். மற்ற எச்சரிக்கைகளில் பாதிக்கு மேல் பயமுறுத்தல்தான். வெளிப்பரப்புப் பட்டியலில் சாய்வுக் கோணமும் வரும்: கூரைக்கு 0, சுவருக்கு 90, தொங்கும் தரைக்கு 180. நடு மாடியின் பெயரோடு 0 என்று ஒரு வரி தெரிந்தால் போதும், விஷயம் முடிந்தது. சுவருக்கும் இதே மாதிரி ஒரு கூட்டல் இருக்கிறது. மேல் மாடியின் சுற்றளவு 116 மீட்டர், உயரம் 3.90, ஆக மாடிக்கு 452 சதுர மீட்டர். அறிக்கையில் அதைவிடக் கூடினால் உள்சுவர் ஏதோ ஒன்று வெளியே எட்டிப் பார்க்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு எதை விட்டுவிடலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறையில் குழாய் போக ஸ்லாப்பை 300 மி.மீ. இறக்கிக் கட்டியிருப்பார்கள். டிராயிங்கில் லெவல் குறைவாகத் தெரியும் என்பதால் சிலர் மாடலிலும் அந்த மூலையை மட்டும் இறக்குவார்கள். உடனே கீழ் மாடி சீலிங்கில் ஒரு பள்ளம், நான்கு சின்னச் சுவர், நான்குக்கும் ஜோடி. அந்தக் குழியை உடைசெங்கல் போட்டு நிரப்பி மேலே டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள், மற்ற தரையோடு ஏறக்குறைய சமமாகத்தான் நிற்கும். மாடலில் அது தட்டையாகவே இருக்கட்டும். பீம், தூணின் துருத்தல், பால்கனிக்கு இறங்கும் ஓர் அங்குலப் படி எல்லாம் அந்த வகைதான். மொட்டை மாடியில் நிற்கும் படிக்கட்டு அறையையும் தண்ணீர்த் தொட்டியையும் நிழல் தரும் பெட்டிகளாக வரைந்தால் போதும், அவற்றுக்கு ஜோன் வேண்டாம்.